ரிப்பேர் என்றால் பழுது அல்ல: அன்றாட ஆங்கிலச் சொற்களைச் சேர்க்க ஒரு முழு வழிகாட்டி

பள்ளி முடியும் வரை தமிழ் வழியில் படித்த நான் ஆங்கிலத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் சேமித்தேன். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். நாளுக்குப் பத்துச் சொல் என்று எழுதி எழுதி, மூன்று நோட்டுகள் நிறைந்தன. அவற்றில் எங்கோ ஒரு வரி: டவுட், சந்தேகம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய கணக்குத்தாளில் ஒரு வரி எனக்குப் புரியவில்லை. தொலைபேசியில் அவரிடம் மிகுந்த பணிவோடு, 'ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் ஃபிகர்ஸ்' என்றேன். மறுமுனையில் சில நொடிகள் பேச்சே இல்லை. பிறகு, எந்த எண் தவறு என்று நினைக்கிறீர்கள் என்று வறண்ட குரலில் கேட்டார். நம் வகுப்பறையில் சந்தேகம் கேட்பது நல்ல மாணவனுக்கு அழகு. அவர் காதில் விழுந்ததோ, 'உங்கள் கணக்கை நான் நம்பவில்லை' என்பது. 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று தொடங்கியிருந்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்.

நோட்டில் எழுதியிருந்தது பொய்யில்லை. எந்த அகராதியைப் புரட்டினாலும் அதுதான் இருக்கும். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நடுவே கோடு கிழித்தேனே, அதில்தான் கோளாறு. அந்தக் கோட்டைக் கைவிட்டு மறுபடி முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கினேன். அந்த வழியைத்தான் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன். இது தேர்வுக்கான வழி அல்ல. வீடு, கடை, பயணம், அலுவலகம் என்று அன்றாடம் புழங்கும் ஆங்கிலத்துக்கானது.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். உங்கள் நோட்டில் அப்படி எழுதாதீர்கள். 'பேட்' என்று தமிழில் எழுதி வைத்தால், அது கிரிக்கெட் மட்டையா, கெட்டது என்பதா, முதுகில் தட்டிக்கொடுப்பதா என்று மறுநாள் உங்களுக்கே தெரியாது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒலி வேறு. நம் எழுத்தில் ஒரே பகரமும் ஒரே டகரமும்தான் இருக்கின்றன, பாவம், அவை என்ன செய்யும்?

முதல் படி: கையிருப்பைக் கணக்கெடுங்கள்

எனக்கு ஆங்கிலமே தெரியாது என்று சொல்பவரும் காலையில் பேஸ்ட், சோப்பு, கேஸ், பஸ், டிக்கெட் என்று தொடங்கி இரவுக்குள் ஐம்பது அறுபது ஆங்கிலச் சொற்களைப் புழங்கிவிடுகிறார். ஒரு வாரம் சட்டைப்பையில் சின்னத் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு, உங்கள் வாயிலிருந்து வரும் ஆங்கிலச் சொற்களைக் குறித்துப் பாருங்கள். சில நூறு தேறும். புதிதாக ஒரு சொல்லும் படிப்பதற்கு முன்பே கைவசம் இருக்கும் முதலீடு இது.

ஆனால் முதலீட்டில் சில செல்லாத நோட்டுகளும் கலந்திருக்கும். வண்டி ரிப்பேர் என்றால் நமக்கு வண்டி கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் ரிப்பேர் என்பது கெட்டதைச் சரிசெய்வது. நேர் எதிர்! 'மை பைக் இஸ் ரிப்பேர்' என்றால் கேட்பவர் குழம்புவார். 'மை பைக் ஹேஸ் புரோக்கன் டவுன்' என்பது பழுது. 'ஐ காட் இட் ரிப்பேர்டு' என்பது சரிசெய்துகொண்டது.

ஹோட்டல் என்றால் நமக்குச் சாப்பாட்டுக் கடை. வெளியூர் ஆங்கிலத்தில் தங்குமிடம். சாப்பிடும் இடம் ரெஸ்டாரண்ட். கரண்ட் போனால் அங்கே 'பவர்' போகும். மளிகைக்கடையில் நாம் கேட்கும் கவர் அங்கே 'பேக்', அஞ்சல் கவர் 'என்வலப்'. 'ஃபீல்' என்பது நம் வாயில் வருத்தம் மட்டுமே. ஆங்கிலத்திலோ அது மகிழ்ச்சி, குளிர், பசி எல்லாவற்றோடும் சேரும். கல்லூரிப் படிப்பை 2012-இல் முடித்ததை 'பாஸ்டு அவுட்' என்று தன்விவரக் குறிப்பில் எழுதினால், இந்தியாவுக்கு வெளியே பலரும் நீங்கள் அந்த ஆண்டில் மயங்கி விழுந்ததாகவே படிப்பார்கள். 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள்.

டயர்க் கடையில் கேட்கும் ஸ்டெப்னி எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் லானெல்லி ஊரில் ஸ்டெப்னி என்று ஒரு தெரு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிக்கான உதிரிச் சக்கரத்தை அங்கிருந்து ஒரு நிறுவனம் விற்றது; தெருப்பெயரே சக்கரத்தின் பெயரானது. இன்று இங்கிலாந்துக்காரரிடம் ஸ்டெப்னி கேட்டால் விழிப்பார். அவருக்கு அது 'ஸ்பேர் வீல்'. அவர்கள் மறந்துவிட்ட சொல்லை நம் மெக்கானிக்குகள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இது ஒருவழிப் பாதையும் அல்ல. நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆனது. அங்கே இப்போது அது இரட்டை உடல் கொண்ட படகு. கட்டுவதும் இல்லை, மரமும் பெரும்பாலும் இல்லை. மிளகுதண்ணி 'மல்லிகட்டானி' என்ற சூப்பாகி, இறைச்சி சேர்ந்து, ரசத்துக்குத் தூரத்து உறவாக நிற்கிறது. கடல் தாண்டும் சொல் கொஞ்சம் மாறித்தான் கரையேறும்.

ஆகவே இவற்றைப் பிழை என்று ஒதுக்க வேண்டியதில்லை. இந்தியாவுக்குள் பேசும்போது பல செல்லுபடியாகும். முன்கூட்டியே நடத்துவது என்ற பொருளில் நாம் பரப்பிய 'பிரிபோன்' ஆங்கில அகராதிகளுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. எது எங்கே செல்லும் என்று தெரிந்திருந்தால் போதும். உங்கள் பட்டியலில் ஐயத்துக்கிடமான சொற்களுக்கு எதிரே ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள். அவைதான் உங்கள் முதல் பாடம்.

இரண்டாம் படி: எந்தச் சொற்கள் முதலில்?

கடினச் சொல் தெரிந்தால் ஆங்கிலம் தெரியும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. 'மெட்டிகுலஸ்' என்று எழுதுபவர், குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அது 'லீக்' என்ற எளிய சொல். தினமும் தமிழிலேயே சொல்கிறோம். 'தி டேப் இஸ் லீக்கிங்', அவ்வளவுதான்.

அடிக்கடி வரும் சொற்களை முதலில் கற்பது என்ற எண்ணத்துக்கு நம் பக்கத்திலும் ஒரு வேர் உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் இந்தியக் கல்விப் பணியில் டாக்காவில் வேலை பார்த்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கத் திணறுவதைக் கண்டு, குறைந்த சொற்களில் எழுதிய வாசிப்பு நூல்களை உருவாக்கினார். பின்னாளில், 1953-இல், ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்களைக் கொண்ட பொதுப்பட்டியல் ஒன்று அவர் பெயரில் வெளிவந்தது. இன்று கிடைக்கும் பல பட்டியல்களுக்கு அது முன்னோடி. சாதாரண ஆங்கிலப் பக்கம் ஒன்றில் ஏறத்தாழப் பாதியை 100 சொற்களே நிரப்பிவிடும். முதல் 2000 சொற்கள் ஐந்தில் நான்கு பங்கை எட்டும்.

இப்படிப்பட்ட 2000 அல்லது 3000 சொற்பட்டியல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து நாளுக்கு இரண்டு பக்கமாகப் பார்த்துக்கொண்டே போங்கள். நானே பேசும்போது பயன்படுத்துகிறேன் என்றால் ஒரு கோடு. வாசித்தால் புரியும், வாயில் வராது என்றால் ஒரு வட்டம். தெரியவே தெரியாது என்றால் ஒரு பெருக்கல் குறி. யாரும் பார்க்கப் போவதில்லை, நேர்மையாகப் போடுங்கள். பெருக்கல் குறிகள் நினைத்ததைவிடக் குறைவாகவும், வட்டங்கள் மலைக்கும் அளவுக்கும் இருக்கும். வேலையை வட்டங்களிலிருந்து தொடங்க வேண்டும். பாதி தெரிந்த சொல்லை முழுதாக்குவதற்குப் புதிய சொல்லைப் படிப்பதைவிட நேரம் குறைவு, பயனோ உடனடி.

மூன்றாம் படி: தமிழ் வினையை உடைத்துப் பாருங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாதமே ஒதுக்கினாலும் தகும். நாம் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

'கேள்' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். கடைக்காரரிடம் விலை கேட்டேன். மாடியில் ஏதோ சத்தம் கேட்டது. அம்மா சொல்வதைக் கேள். தமிழுக்கு மூன்றும் ஒன்றே. ஆங்கிலம் மூன்றாகப் பிரிக்கிறது. விலை கேட்பது 'ஆஸ்க்'. தானாகக் காதில் விழுவது 'ஹியர்'. காதைக் கொடுத்துக் கவனிப்பது 'லிசன்'. 'லிசன்' வந்தால் கூடவே 'டு' வரும்: 'லிசன் டு மீ'. 'ஆஸ்க்' வந்தால் அது வராது: 'ஐ ஆஸ்க்டு ஹிம்'. அவரிடம் கேட்டேன் என்று தமிழில் நினைத்துக்கொண்டே எழுதும்போது அந்த 'இடம்' ஒரு 'டு'வாகி உள்ளே நுழைந்துவிடும்.

நம் வேற்றுமை உருபுகள் இப்படிக் கசிவது வழக்கம். பிரச்சினையைப் பற்றிப் பேசினோம் என்பதில் உள்ள 'பற்றி' போய் 'டிஸ்கஸ் அபௌட்' ஆகிறது. 'வீ டிஸ்கஸ்டு தி ப்ராப்ளம்' என்பதே போதும். 'எக்ஸ்பிளெயின்' விஷயத்தில் நேர்மாறு: எனக்கு விளக்குங்கள் என்பதை 'எக்ஸ்பிளெயின் மீ' என்கிறோம், அங்கேதான் 'டு மீ' வேண்டும்.

'பார்' என்பதும் இப்படித்தான். கண்ணில் படுவது 'சீ'. வேண்டுமென்றே கண்ணைத் திருப்புவது 'லுக் அட்'. நகர்வதை, நடப்பதைத் தொடர்ந்து பார்ப்பது 'வாட்ச்'. அதனால்தான் கிரிக்கெட்டுக்கு 'வாட்ச்', சுவரில் தொங்கும் படத்துக்கு 'லுக் அட்'. டாக்டரைப் பார்ப்பது 'சீ எ டாக்டர்'. 'லுக் அட்' சொன்னால் அவரை வெறித்துப் பார்ப்பதாகிவிடும். குழந்தையைப் பார்த்துக்கொள் என்றால் 'லுக் ஆஃப்டர்'. உப்பு சரியா என்று சாப்பிட்டுப் பார் என்றால் பார்வைக்கே அங்கே வேலையில்லை. 'டேஸ்ட்' அல்லது 'ட்ரை'.

எல்லாவற்றுக்கும் அண்ணன் 'போடு'. சட்டை போடு, டீ போடு, ஃபேன் போடு, கோலம் போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, ஊசி போடு, பூட்டுப் போடு, வங்கியில் பணம் போடு. ஒன்பதையும் 'புட்' என்று மொழிபெயர்த்தால் ஒரே ஒரு இடத்தில்தான் பாதி தேறும். சட்டையை எடுத்து மாட்டும் செயல் 'புட் ஆன்', மாட்டிய பின் இருக்கும் நிலை 'வேர்'. டீக்கு 'மேக்', ஃபேனுக்கு 'டர்ன் ஆன்' அல்லது 'ஸ்விட்ச் ஆன்', கோலத்துக்கு 'டிரா', கையெழுத்துக்கு 'சைன்', சண்டைக்கு 'ஃபைட்', ஊசிக்கு 'கிவ் அன் இஞ்ஜெக்ஷன்', பூட்டுக்கு 'லாக்', பணத்துக்கு 'டெபாசிட்'.

இதையே உங்கள் பயிற்சியாக்குங்கள். நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு தமிழ் வினையை எழுதி, அதைச் சுற்றி உங்கள் வீட்டில் உண்மையாகவே பேசும் வாக்கியங்களைத் தமிழிலேயே எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கில வினை. பிடி, எடு, வை, விடு, அடி, வாங்கு, கட்டு, ஏறு, இறங்கு, கிடை. நாளுக்கு ஒன்று வீதம் இந்தப் பத்தை முடித்தால் ஆங்கிலத்தில் அன்றாட வினைகளின் முதுகெலும்பு கைக்கு வந்துவிடும். 'இறங்கு'வில் ஒரு வேடிக்கை உண்டு: பஸ்ஸிலிருந்து இறங்குவது 'கெட் ஆஃப்', காரிலிருந்து இறங்குவது 'கெட் அவுட் ஆஃப்'. எழுந்து நிற்க இடமுள்ள வண்டியா, குனிந்து வெளியேற வேண்டிய வண்டியா என்று யோசித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரியாக வரும்.

திசையை மாற்றியும் பாருங்கள். சில இடங்களில் நாம் பிரிப்பதை ஆங்கிலம் ஒன்றாக்கிவிடும். துணி துவைக்கிறோம், பாத்திரம் விளக்குகிறோம், கை கழுவுகிறோம், அரிசி களைகிறோம். ஆங்கிலேயனுக்கு எல்லாமே 'வாஷ்'. பூவைச் சூடுகிறோம், நகை அணிகிறோம், புடவை உடுத்துகிறோம், கண்ணாடி மாட்டுகிறோம். அவனுக்கு எல்லாம் 'வேர்'. அரிசியும் சோறும் ஒரே 'ரைஸ்'. சித்தப்பா, பெரியப்பா, மாமா மூவரும் ஒரே 'அங்கிள்'. சகலைக்கோ தனிச்சொல்லே இல்லை. நம்மவர்கள் 'கோ பிரதர்' என்று ஒன்றைச் செய்துகொண்டார்கள், வெளிநாட்டில் அது யாருக்கும் புரியாது.

விடைபெறும்போது ஒரு சிறு கவனம். நாம் போகிறேன் என்று சொல்வதில்லை, வருகிறேன் என்போம். அந்த மங்கல வழக்கத்தை அப்படியே 'ஐ ஆம் கமிங்' என்று பெயர்த்துவிட்டுக் கிளம்பினால், எதிரில் இருப்பவர் நாம் திரும்பி வருவோம் என்று காத்துக்கொண்டிருப்பார். 'சீ யூ' போதும்.

நான்காம் படி: சொல்லை அதன் கூட்டாளியோடு பிடியுங்கள்

தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ஒருவர், 'நான் தோசை சமைத்தேன், சோறு சுட்டேன், அப்பளம் வார்த்தேன்' என்று சொன்னால் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நாம் சிரித்துவிடுவோம். தோசை வார்ப்போம் அல்லது சுடுவோம், சோறு ஆக்குவோம் அல்லது வடிப்போம், குழம்பு வைப்போம், பால் காய்ச்சுவோம், அப்பளம் பொரிப்போம். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல முடியாது. அவை பல காலம் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன.

ஆங்கிலச் சொற்களுக்கும் இதே குடித்தனம் உண்டு. தவறு செய்வதற்கு 'மேக் எ மிஸ்டேக்'. வீட்டுப்பாடம் செய்வதற்கு 'டூ ஹோம்வொர்க்'. இரண்டுக்கும் தமிழில் ஒரே 'செய்'. மழைக்கு 'ஹெவி', காற்றுக்கும் டீக்கும் 'ஸ்ட்ராங்'. மருந்தைச் சாப்பிடுகிறோம், ஆங்கிலத்தில் அது 'டேக்'. 'ஈட் மெடிசின்' என்றால் தோசையை வடித்த கதைதான். போட்டோ எடுப்பது 'டேக்', முடிவெடுப்பது 'மேக் எ டிசிஷன்', ஓய்வெடுப்பது 'டேக் ரெஸ்ட்' என்று நாம் சொன்னாலும் அவர்கள் 'கெட் சம் ரெஸ்ட்' என்றோ வெறுமனே 'ரெஸ்ட்' என்றோ சொல்வார்கள்.

ஆகவே 'மிஸ்டேக்' என்று தனியாக எழுதாதீர்கள், 'மேக் எ மிஸ்டேக்' என்று எழுதுங்கள். எந்தப் பெயர்ச்சொல்லைச் சேர்த்தாலும் அதோடு வரும் வினை எது என்று கேட்டு, இரண்டையும் சேர்த்தே வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.

இதன் இன்னொரு வடிவம் வினையோடு ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்கள்: அப், அவுட், ஆஃப், ஆன். 'ரன் அவுட்' என்றதும் நமக்கு ஸ்டம்பு பறப்பது நினைவுக்கு வரும். சமையலறையில் அதற்குத் தீர்ந்துபோவது என்று பொருள்: 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்', பால் தீர்ந்துவிட்டது. 'புட் ஆஃப்' தள்ளிவைப்பது. 'டர்ன் அப்' வந்துசேர்வது. பிளம்பர் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் 'ஹீ டிட் நாட் டர்ன் அப்'. இவற்றைப் பட்டியலாக நூறு நூறாக மனப்பாடம் செய்ய வேண்டாம், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழம்பும். உங்கள் நாளில் உண்மையாகவே ஒன்று நடந்தால் அன்று அந்த ஒன்றை மட்டும் எடுங்கள்.

ஐந்தாம் படி: அட்டை எழுதும் முறை

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் நல்ல கெட்டியான அட்டைகள் கிடைக்கும். எங்கள் வீட்டில் ஒரு முகூர்த்த மாதம் கழிந்தால் எனக்கு அரை ஆண்டுக்குத் தேவையானது சேர்ந்துவிடும்.

ஒரு அட்டையை எழுதிக் காட்டுகிறேன். சொல் 'லெண்ட்', இரவல் கொடுப்பது. முன்பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதாதீர்கள். அதைச் சொல்ல வேண்டிய சூழலைத் தமிழில் எழுதுங்கள்: எதிர்வீட்டில் ஏணி கேட்கிறேன், மாலையில் திருப்பித் தருவேன். பின்பக்கத்தில் நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம்: 'குட் யூ லெண்ட் மீ யுவர் லேடர்?' அதன் கீழே, இரவல் வாங்குபவர் பக்கத்திலிருந்து அதே காரியம்: 'கேன் ஐ பாரோ யுவர் லேடர்?' அதற்கும் கீழே சிவப்பு மையில், வழக்கமாகச் செய்யும் பிழை: 'பாரோ மீ'. அதன்மேல் ஒரு குறுக்குக்கோடு. கொடுப்பவர் லெண்ட், வாங்குபவர் பாரோ.

முன்பக்கம் தமிழ்ச் சூழலாக இருப்பது முக்கியம். ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்லும் பயிற்சி வாசிப்புக்கு மட்டுமே உதவும். நமக்கு வேண்டியது எதிர்த்திசை: தேவை முதலில் வரும், சொல்லை நாம் தேட வேண்டும். வாக்கியம் உங்கள் வீட்டுடையதாக இருக்கட்டும். அகராதி வாக்கியத்தில் வரும் யாரோ ஒருவரின் ஏணி நினைவில் நிற்காது. எதிர்வீட்டு ஏணி நிற்கும்.

நாளுக்கு ஏழு அட்டைக்கு மேல் எழுத வேண்டாம். ஆர்வக்கோளாறில் முதல் நாள் நாற்பது எழுதியவர் யாரும் இரண்டாம் வாரம் வரை வந்து நான் பார்த்ததில்லை. நானே ஒருமுறை வரவில்லை.

ஆறாம் படி: ஐந்து அறைப் பெட்டி

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். படித்ததும் நினைவு மிக வேகமாகச் சரிகிறது. போகப்போக வேகம் குறைகிறது. இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் பார்த்தால் நினைவு வலுக்கிறது. இதைச் சாதாரண மனிதர் கையாளும் பெட்டியாக மாற்றியவர் செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர், 1972-இல்.

இனிப்புப் பெட்டி ஒன்றில் அட்டைத் தடுப்பு வைத்து ஐந்து அறை செய்யுங்கள். புதிய அட்டைகள் முதல் அறைக்கு. முதல் அறையைத் தினமும், இரண்டாவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாவதை நான்கு நாளுக்கு ஒருமுறை, நான்காவதை வாரம் ஒருமுறை, ஐந்தாவதை இரு வாரத்துக்கு ஒருமுறை எடுங்கள். சூழலைப் படித்து, வாய்விட்டு ஆங்கில வாக்கியத்தைச் சொல்லி, பிறகு திருப்பிப் பாருங்கள். சரியென்றால் அட்டை அடுத்த அறைக்கு. தவறென்றால் எந்த அறையில் இருந்தாலும் மறுபடி முதல் அறைக்கு. ஐந்தாவதையும் தாண்டியதைக் கட்டி மேலே போட்டுவிடலாம். பத்து நிமிட வேலை. குக்கர் விசில் வருவதற்குள் முடிந்துவிடும். கைபேசியில் இதையே செய்யும் செயலிகள் உண்டு. நான் பெட்டிக் கட்சி. கைபேசியைத் திறந்தால் சொல்லைத் தவிர மற்ற எல்லாம் கண்ணில் படுகிறது.

ஏழாம் படி: அகராதியைப் பயன்படுத்துவது

ஆங்கில-தமிழ் அகராதி பொருட்பெயர்களுக்கு நல்லது. செடி, பறவை, கருவி, நோய் என்றால் தமிழ்ப்பெயர் தெரிந்த உடனே விஷயம் முடிந்தது. வினைகளுக்கும் பண்புகளுக்கும் அதை நம்பி நிற்காதீர்கள். டவுட் கதை அங்கேதான் தொடங்கியது. அவற்றுக்கு, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே செய்த ஆங்கில-ஆங்கில அகராதி வேண்டும். அதன் விளக்கங்கள் எளிய சொற்களால் ஆனவை. 1978-இல் வெளிவந்த லாங்மேன் அகராதி, ஏறத்தாழ 2000 சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கங்களையும் எழுதியது. இரண்டாம் படியின் 2000 சொற்கள் இங்கே இன்னொரு முறை கைகொடுக்கின்றன.

அகராதியில் முதலில் உதாரண வாக்கியத்தைப் படியுங்கள், பிறகு விளக்கத்தை. இணைய அகராதியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி உச்சரிப்பைக் கேட்காமல் பக்கத்தை மூட வேண்டாம்.

எழுத்தும் ஒலியும் பற்றி

தமிழில் எழுத்துக்கூட்டினால் சொல் வந்துவிடும். ஆங்கிலத்தில் கண்ணும் காதும் தனித்தனியே படிக்க வேண்டும். கடன் என்ற பொருள் தரும் 'டெட்' என்ற சொல்லின் நடுவே ஓசையில்லாத ஓர் எழுத்து இருக்கிறதே, அது பிரெஞ்சிலிருந்து வந்தபோது இல்லை. லத்தீன் மூலத்தை நினைவூட்ட விரும்பிய படிப்பாளிகள் பின்னால் சேர்த்த எழுத்து அது. எழுதினார்களே தவிர யாரும் உச்சரிக்கவில்லை. ரசீதைக் குறிக்கும் 'ரிசீட்' சொல்லிலும் அப்படி ஓர் ஊமை எழுத்து. ஊமை எழுத்து வரும் சொல்லுக்கு அட்டையின் மூலையில் அந்த எழுத்தை மட்டும் வட்டமிட்டு வையுங்கள்.

இன்னொன்று அழுத்தம். நாம் எல்லா அசைகளையும் சமமாக ஒலிப்போம். ஆங்கிலம் ஒன்றை உயர்த்தி மற்றவற்றை விழுங்கிவிடும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை ஓங்கும். எடுப்பவரைச் சொல்லும்போது 'ஃபடாக்ரஃபர்' என்று அழுத்தம் இரண்டாவதற்குத் தாவும். கேட்டுக் கேட்டுத்தான் பிடிபடும்.

எட்டாம் படி: சொற்கள் கிடைக்கும் இடம்

பெரிய நாவல் வேண்டாம், ஆங்கில நாளிதழின் தலையங்கமும் வேண்டாம். வீட்டிலேயே கிடக்கிறது. மாத்திரை அட்டையில் 'எக்ஸ்பைரி', 'டோசேஜ்', 'ஸ்டோர் இன் எ கூல் பிளேஸ்'. மிக்ஸியோடு வந்த கையேட்டில் 'பிளேடு', 'ஜார்', 'டூ நாட் இம்மர்ஸ்', அதாவது தண்ணீரில் முக்காதீர்கள். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் 'டெபிட்டட்', 'கிரெடிட்டட்', 'பேலன்ஸ்'. ரயில் பயணச்சீட்டில் 'பெர்த்', 'குவோட்டா', 'வெயிட்டிங் லிஸ்ட்'. இவை உங்கள் பணத்தையும் உடம்பையும் பயணத்தையும் தொடும் சொற்கள், அதனாலேயே மறக்காது. வாரம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் படித்துவிடுங்கள்.

அது சலித்தால், கற்பவர்களுக்காகச் சுருக்கி எழுதிய கதைப் புத்தகங்களுக்குப் போகலாம். ஒரு பக்கத்தில் நான்கு ஐந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால் அது இப்போதைக்கு உங்களுக்கான புத்தகம் அல்ல. கீழே வைத்துவிட்டு எளிதானதை எடுங்கள். தடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் திறக்கவும் வேண்டாம். ஒரே சொல் மூன்றாம் முறை குறுக்கே வந்தால் மட்டும் அதற்கு அட்டை போடுங்கள்.

பேசிப் பார்க்க ஆள் இல்லை என்பது பலரின் குறை. தனியாகவே பேசலாம். சமைக்கும்போது கை செய்வதை வாய் சொல்லட்டும்: வெங்காயம் நறுக்குகிறேன் 'சாப்', தேங்காய் துருவுகிறேன் 'கிரேட்', மாவைப் பிசைகிறேன் 'நீட்', கிளறுகிறேன் 'ஸ்டர்', தாளிக்கிறேன். தாளிப்பதற்கு மட்டும் பொருத்தமான ஒற்றைச் சொல் கிடைக்காது. இந்திய ஆங்கிலத்தில் 'டெம்பர்' என்கிறார்கள். வெளியே அந்தச் சொல்லைக் கேட்பவர் கோபம் என்று நினைத்தாலும் நினைப்பார். அங்கே நின்று யோசிக்காமல், காயும் எண்ணெயில் கடுகைப் போடுகிறேன் என்று நீளமாகவே சொல்லிவிடுங்கள்: 'ஐ ஃப்ரை மஸ்டர்ட் சீட்ஸ் இன் ஹாட் ஆயில்'. சொல் கிடைக்காத இடத்தைச் சுற்றிக்கொண்டு போகவும் பழக வேண்டும்.

மூன்று மாதம் கழித்து இரண்டாம் படியின் பட்டியலை மறுபடி எடுங்கள். வேறு நிற மையில் அதே கோடு, வட்டம், பெருக்கல் குறிகளைப் போடுங்கள். கோடாக மாறாத வட்டங்களை மட்டும் தனித்தாளில் எழுதினால் அடுத்த மூன்று மாதத்துக்கான வேலை தயார். என் தாளில் 'லெண்ட்', 'பாரோ' இரண்டும் முதல் சுற்றில் தேறவில்லை, இரண்டாம் சுற்றிலும் தேறவில்லை. மூன்றாம் சுற்றுக்கு முன் எதிர்வீட்டில் உண்மையாகவே ஏணி வாங்க வேண்டியிருந்தது. பெங்களூரிலிருந்து குடிவந்தவர்கள், தமிழ் தெரியாது. அன்றைக்குத் தேறியது.